முதல் வாரத்தில் ஒரு வில்லாளியின் விலை என்ன?



'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' விளையாடுகிறவர்கள் நம் பள்ளியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒன்று 'அடிச்சுத் தூக்கு' கட்சி. கண்ணில் பட்ட பூதம், பேய் எல்லாவற்றின் மேலும் முதல் நாளே பாய வேண்டும், எத்தனை பேர் செத்தாலும் ஜெயித்தால் போதும் என்பது இவர்கள் கொள்கை. இன்னொன்று 'பெட்டியைப் பூட்டு' கட்சி. சிப்பாயே வாங்காமல் காசைச் சேர்த்துச் சேர்த்துப் பெரிய மாளிகை கட்டுகிறவர்கள். இரண்டு கட்சியும் புதிதாக ஆட வரும் ஒன்பதாம் வகுப்புப் பசங்களுக்குப் பாடம் எடுக்கிறது. அந்தப் பசங்க இரண்டாவது வாரத்தில் படையும் இல்லாமல் காசும் இல்லாமல் முழித்துவிட்டு, "இது மொக்கை கேம்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். 1999ல் வந்து இன்றைக்கும் ஆடப்படுகிற ஒரு நல்ல விளையாட்டுக்கு இந்தக் கதி வரலாமா? அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ரெண்டே வரி. உங்களுக்கு ஒரு நகரம், ஒரு ஹீரோ, கொஞ்சம் படை. நகரத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கட்டடம்தான் கட்டலாம். வெளியே தங்கச் சுரங்கம், மர ஆலை, புதையல் பெட்டி எல்லாம் இருக்கும். பலவற்றின் முன்னால் ஏதாவது ஒரு கூட்டம் காவல் நிற்கும். அதை அடித்தால்தான் பொருள் கிடைக்கும். அவ்ளோதான். கேஸில் என்ற மனிதர்களின் நகரத்தை வைத்தே சொல்கிறேன், புதியவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

இப்போது தலைப்புக்கு வருவோம். ஒரு வில்லாளியின் விலை 100 பொற்காசு. கடையில் எழுதியிருக்கிற விலை அது. ஆனால் அது உண்மையான விலை இல்லை என்பதுதான் என் கருத்து.

ஏன் என்றால், வில்லாளிகள் வாரத்துக்கு 9 பேர்தான் வருவார்கள். வாரத்தின் முதல் நாள் 9 பேர் சேருவார்கள், அதற்கு மேல் ஒரு லட்சம் காசு கொட்டினாலும் உங்கள் நகரத்தில் பத்தாவது ஆள் கிடையாது. ஈட்டி வீரர்கள் 14, கிரிஃபின்கள் 7, வாள் வீரர்கள் 4, துறவிகள் 3, குதிரை வீரர்கள் 2, தேவதை ஒன்றே ஒன்று. ஆகவே ஒரு சண்டையில் 9 வில்லாளிகளை இழந்தால் போனது 900 காசு இல்லை, ஒரு முழு வாரம்! காசை நாளைக்குச் சம்பாதிக்கலாம். போன வாரத்தை எந்தக் கடையில் வாங்குவது?

கணக்கு ஆசிரியருக்குப் பிடிக்கும் என்பதால் இதையும் பாருங்கள். ஈட்டி வீரன் 60, வில்லாளி 100, கிரிஃபின் 200, வாள் வீரன் 300. இந்த நான்கு வகையிலும் ஒரு வாரத்துக்கு வருகிற அத்தனை பேரையும் வாங்க 840 + 900 + 1400 + 1200, ஆக மொத்தம் 4340 காசு. டவுன் ஹால் கட்டிய நகரம் ஒரு நாளைக்கு 1000 தருகிறது, வாரத்துக்கு 7000. அப்படியானால் டவுன் ஹால் கட்டியபின் கீழ்மட்டச் சிப்பாய்களுக்குக் காசு ஒரு பிரச்சினையே இல்லை. ஆள்தான் பிரச்சினை. 'அடிச்சுத் தூக்கு' கட்சிக்காரர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். "செத்தா வாங்கிக்கலாம்டா" என்கிறார்கள். எங்கே வாங்குவது?

இன்னொரு விஷயம். இந்த விளையாட்டில் சிப்பாய்க்குத் தினச் சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது. ஒரு தரம் வாங்கினால் ஆட்டம் முடியும்வரை கூடவே இருப்பான். செலவே வைக்காத வேலைக்காரனைச் சாகவிடுவது போல முட்டாள்தனம் உண்டா?

சரி, அப்படியானால் சண்டையே போடாமல் உட்கார்ந்திருக்கலாமா? அதைத்தான் 'பெட்டியைப் பூட்டு' கட்சி செய்கிறது. அவர்கள் கணக்கிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. தொடக்கத்தில் நகரம் தருவது நாளுக்கு 500. 2500 செலவழித்து டவுன் ஹால் கட்டினால் 1000 ஆகிறது. இன்னும் 5000 போட்டு சிட்டி ஹால் கட்டினால் 2000. இன்னும் 10,000 போட்டு கேப்பிட்டல் கட்டினால் 4000. கவனித்தீர்களா, மூன்றுமே சரியாக ஐந்து நாளில் போட்ட காசைத் திருப்பித் தந்துவிடும்! விளையாட்டை உருவாக்கியவர்கள் எவ்வளவு யோசித்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். எனவே முதல் நாளில் டவுன் ஹால் என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

கேப்பிட்டலில்தான் சண்டை. அதைக் கட்ட முதலில் கோட்டையை மூன்று படியும் கட்டி முடிக்க வேண்டும். கோட்டை இல்லாத நகரமாக இருந்தால் 5000, 2500, 5000 என்று 12,500 காசு. அதுபோக மரமும் தாதுக்கல்லும் வேண்டும். அந்த மரமும் கல்லும் எங்கிருந்து வரும்? வெளியே இருக்கிற மர ஆலையிலிருந்தும் கல் குழியிலிருந்தும்தான், நாளுக்கு இரண்டு இரண்டாக. அதைப் பிடிக்கப் படை வேண்டும். தங்கச் சுரங்கம் ஒன்றைப் பிடித்தாலே நாளுக்கு 1000 வருகிறது, அதாவது ஒரு டவுன் ஹாலுக்குச் சமம். அதற்கும் படை வேண்டும். போதாக்குறைக்குக் காவல் நிற்கிற கூட்டங்கள் வாரா வாரம் எண்ணிக்கையில் பெருகும். இன்றைக்கு அடிக்காதவனை இரண்டு வாரம் கழித்து இன்னும் பெரிய கூட்டமாகத்தான் அடிக்க வேண்டும். காசைக் காத்து வைத்தவன் வருமானத்தை விட்டுவிடுகிறான், வேறென்ன?

ஆக, என் கட்சி மூன்றாவது கட்சி. சண்டை போடு, ஆனால் ஆளை இழக்காதே. இழந்தே ஆக வேண்டுமென்றால் எதற்காக என்று பார். ஐந்து கிரிஃபின்களைப் பலி கொடுத்து (1000 காசு) 1000 காசுப் பெட்டியை எடுத்தால் நஷ்டம்தான், அந்த வாரத்துக் கிரிஃபின்களில் பாதிக்கு மேல் போச்சு. அதே ஐந்து கிரிஃபின்களைக் கொடுத்துத் தங்கச் சுரங்கத்தைப் பிடித்தால் மறுநாளே காசு சரியாகிவிடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். ஒரு தரம் தருவதா, தினம் தருவதா என்ற கேள்விதான் முக்கியம். கிரிக்கெட்டில் முதல் பத்து ஓவரில் விக்கெட் போவது போலத்தான் இதுவும். விக்கெட் போனாலும் பரவாயில்லை என்று அடிக்கிற பந்து ஒன்று உண்டு, எல்லாப் பந்தும் அது இல்லை.

ஆளை இழக்காமல் எப்படிச் சண்டை போடுவது? "அதெல்லாம் அதிர்ஷ்டம்" என்கிறார்கள். இல்லவே இல்லை. பாதிக்கு மேல் கணக்குத்தான்.

முதலில் யாரோடு மோதுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மெதுவாக நடக்கிறவர்கள், அம்பு எய்யாதவர்கள் நமக்கு ஏற்ற எதிரிகள். நடைப்பிணங்களும் குள்ளர்களும் மைதானத்தைக் கடந்து வருவதற்குள் நம் வில்லாளிகள் மூன்று நான்கு தரம் எய்துவிடலாம். தூரம் அதிகமானால் அம்பின் வலு பாதியாகும், அதனால் முதல் சுற்றிலேயே பொறுமை இழக்க வேண்டாம். எதிரியிலும் வில்லாளிக் கூட்டம் இருந்தால் முதல் வாரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்புறம், 'லாட்ஸ்' என்று காட்டினால் அது 20 ஆகவும் இருக்கலாம், 49 ஆகவும் இருக்கலாம். எப்போதும் 49 என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடியை யார் வாங்குவது என்பது. இதை யாரும் கவனிப்பதே இல்லை. காயம்பட்ட சிப்பாய் உயிரோடு இருந்தால் சண்டை முடிந்ததும் முழுசாகக் குணமாகிவிடுவான். ஈட்டி வீரனுக்கு உயிர் 10, கிரிஃபினுக்கு 25, வாள் வீரனுக்கு 35. தற்காப்பு எண்ணைச் சேர்க்காமல் எளிதாகச் சொல்கிறேன். 20 அடி விழுந்தால் ஈட்டி வீரர்களில் இரண்டு பேர் காலி. அதே 20 அடி வாள் வீரர்கள் மேல் விழுந்தால் ஒருத்தரும் சாக மாட்டார்கள், நஷ்டம் பூஜ்யம்! ஒரே அடி, வாங்குகிற ஆளைப் பொறுத்து 120 காசும் ஆகிறது, ஒன்றும் இல்லாமலும் போகிறது. 'ஆட்டோ' பட்டனைத் தட்டிவிட்டுத் தண்ணி குடிக்கப் போகிறவர்களுக்கு இது புரியாது. கம்ப்யூட்டர் உங்களுக்காக ஜெயிக்கும், உங்கள் ஆட்களுக்காக யோசிக்காது.

பதிலடி என்று ஒன்று உண்டு. பெரும்பாலான கூட்டங்கள் ஒரு சுற்றில் ஒரு தரம்தான் திருப்பி அடிக்கும். ஆகையால் ஒரே ஒரு ஈட்டி வீரனைத் தனியாகப் பிரித்து முதலில் அடிக்க அனுப்பினால், எதிரியின் பதிலடி அவன் மேல் தீர்ந்துவிடும். பிறகு கிரிஃபின்கள் பயமில்லாமல் அடிக்கலாம். செலவு 60 காசு. இதைச் சொன்னால் என் பக்கத்து பெஞ்சு நண்பன், "ஆளை இழக்காதேன்னு எழுதிட்டு, ஒருத்தனைச் சாக அனுப்பறியே, இது என்னடா நியாயம்?" என்று கேட்கிறான். கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஒருவனைக் கொடுத்து ஏழு பேரைக் காப்பாற்றுகிறேன் என்பதுதான் என் பதில். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

எதிரி ஹீரோவே பெரிய படையோடு வந்து மாட்டிக்கொண்டால்? இங்கேதான் நம் ஆட்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். கடைசி ஆள் வரை சண்டை போடுவார்கள். ஹீரோ தோற்றால் அவன் வைத்திருக்கிற மாயப் பொருட்களும் எதிரிக்குப் போய்விடும் என்பதை யோசிப்பதில்லை. ஓடினால் படை முழுக்கப் போகும், ஹீரோவை 2500 கொடுத்து மறுபடி எடுக்கலாம். சரணடைந்தால் படை மதிப்பில் பாதியைக் கட்ட வேண்டும், படை நம்மோடே இருக்கும். 10 கிரிஃபின், 20 வில்லாளி இருக்கிறார்கள் என்று வையுங்கள். மதிப்பு 4000. சரணடைய 2000, ஹீரோவுக்கு 2500, மொத்தம் 4500. ஓடிப்போய் அதே படையை மறுபடி வாங்க 4000, ஹீரோவுக்கு 2500, மொத்தம் 6500. அதுவும் 20 வில்லாளிகள் சேர வாரம் ஒன்பது பேர் வீதம் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்! சரணடைவது அவமானம் என்கிறவர்கள் இந்தக் கூட்டலை ஒரு தரம் போட்டுப் பார்க்கட்டும்.

கட்டடம் பற்றி ஒன்று மட்டும். சிப்பாய் வீடு கட்டினால் அன்றைக்கே ஒரு வார ஆட்கள் அதில் இருப்பார்கள். ஏழாம் நாள் கட்டினாலும் மறுநாள் புது வாரம் பிறந்து இன்னொரு வார ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். எனவே வாரம் முடிவதற்குள் எப்படியாவது ஒரு வீட்டைக் கட்டிவிட வேண்டும். கோட்டையின் மூன்றாம் படிக்கும் அதே மாதிரிதான். அது இருந்தால் வில்லாளிகள் 9க்குப் பதில் 18 பேர் வருவார்கள். அந்தப் படியை நான் கேப்பிட்டலுக்காகக் கட்டுவதில்லை, இந்த 18க்காகத்தான் கட்டுகிறேன்.

நெக்ரோபோலிஸ் ஆடுகிறவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்குச் செத்த எதிரிகளில் ஒரு பகுதி எலும்புக்கூடாக எழுந்து வந்து இலவசமாகப் படையில் சேரும். உயர்ந்த வகை ரத்தக்காட்டேரிகளோ அடிக்கிற அடியிலேயே தங்கள் செத்த ஆட்களை எழுப்பிக்கொள்ளும். அவர்களுக்கு என் கணக்கு பாதிதான் பொருந்தும். ஆனால் அந்தக் காட்டேரி வீட்டைக் கட்டி உயர்த்தும்வரை முதல் வாரத்தில் அவர்களும் நம்மைப் போல எண்ணி எண்ணித்தான் சண்டை போட வேண்டும் என்கிறேன். இல்லை என்கிறவர்கள் மறுப்பு எழுதி சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்கள். எண்களோடு எழுதுங்கள், சும்மா "நீ பயந்தாங்கொள்ளி" என்று மட்டும் எழுதாதீர்கள், அது ஏற்கெனவே மூன்று வந்துவிட்டது.