அன்பியத்தின் ஆறாவது படி

போடியிலிருந்து விடியற்காலையில் மலை ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் முட்டியோடு முட்டி இடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் என் அம்மா. பகலில் காய் எடுக்கும் கூலி. மாதத்தில் ஒரு மாலை மட்டும் எங்கள் தெரு அன்பியத்தின் தலைவி.

அன்பியம் என்பது கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்து அமைக்கும் சிறு குழு. வீடு வீடாக முறைவைத்துக் கூடுவார்கள், விவிலியம் வாசிப்பார்கள், பேசுவார்கள். பங்குச் சாமியார் இல்லாமலே நடக்கும். அதனால் அதை நடத்தப் பங்குமக்களுக்கே பயிற்சி தருகிறார்கள். நாத்திகத் தோழர்கள் பலர் இதை ஜெபக்கூட்டம் என்று தள்ளிவிடுவார்கள். என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மா, அந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று பேசினார். கூலி பாக்கியைக் கேட்கத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை முன் போய் நின்றதும் அதே குரலோடுதான். எங்கள் தெருப் பெண்களுக்கு வேறு எந்த அமைப்பு மைக்கைக் கொடுத்தது?

பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது 'ஏழு படி' முறை. இறைவனை அழைப்பது, வாசிப்பது, மனதில் தைத்த சொல்லைத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, ஆறாவதாக 'நாம் என்ன செய்யப்போகிறோம்' என்று சேர்ந்து முடிவெடுப்பது, கடைசியில் மன்றாட்டு. இந்த முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவானது. ஆஸ்வால்ட் ஹிர்மர், ஃபிரிட்ஸ் லோபிங்கர் என்ற இரண்டு ஜெர்மன் குருக்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். எந்த நிறத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று 1950இல் சட்டம் போட்டுப் பிரித்த நாடு அது. அங்கே 'அக்கம்பக்கத்தார் கூடுங்கள்' என்றால் யார் யாரோடு கூடுவார்கள்? நம் ஊரில் அதற்குச் சட்டமே தேவைப்படவில்லை. தெருப் பெயரே போதும். தெருவாரியாக அன்பியம் பிரித்தால் அது சாதிவாரியாகப் பிரித்ததுதான். முறைவைத்து வீடு மாறுகிறது, தெரு மாறுவதில்லை.

ஒருமுறை எங்கள் அன்பியத்தில் ஆறாவது படி வந்தபோது ஒரு பாட்டி கேட்டார்: "திருவிழாச் சப்பரம் நம்ம தெருவுக்கு ஏன் வர்றதில்ல?" வழக்கமாக அந்தப் படியில் 'நோயாளியைப் போய்ப் பார்ப்போம், கோயிலைக் கூட்டுவோம்' என்று முடித்துவிடுவார்கள். அன்றைக்கு அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த பயிற்சியில் கேட்டார். "அதெல்லாம் பேரவைல பேச வேண்டியதும்மா. அன்பியத்துல ஒற்றுமையப் பத்திப் பேசுங்க" என்று பதில் வந்தது.

சரி, பேரவைக்கே போவோம். பங்குப் பேரவைக்கு அன்பியத்துக்கு ஒரு பிரதிநிதி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆதிக்கச் சாதித் தெருக்களில் 60 குடும்பங்கள், நான்கு அன்பியங்கள். காலனியில் 60 குடும்பங்கள், 'எல்லாம் ஒரே இடந்தானே' என்று ஒரே அன்பியம். நாலுக்கு ஒன்று. யாரும் யாரையும் திட்டவில்லை, எந்தச் சுவரும் எழுப்பவில்லை. ஆனால் சப்பரம் எந்த வழி போகும் என்பது முடிவாகிவிட்டது.

சுவர் எழுப்பிய காலமும் உண்டு. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவரை 1910இல் இடித்தபோது, அதைத் திரும்பக் கட்டித்தரச் சொல்லி ஆதிக்கச் சாதிக் கிறித்தவர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். எறையூரில் 2008இல் மோதல் துப்பாக்கிச் சூடுவரை போய் இரண்டு உயிர்கள் போயின. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் தலித் கிறித்தவர் பற்றிய கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒவ்வோர் ஆகஸ்ட் 10ஆம் தேதியும் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம். தலித் கிறித்தவரைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்திய 1950 குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்துத்தான். மதம் மாறியும் சாதி போகவில்லை என்பதே அரசிடம் நாம் வைக்கும் வாதம். நியாயமான வாதம். அதையே அன்பியப் பயிற்சியில் சொன்னால் ஒற்றுமை கெடும் என்கிறார்கள். டெல்லியில் இருக்கும் சாதி, பங்கு அரங்கத்துக்குள் நுழைந்ததும் எங்கே போய்விடுகிறது?

அப்படியானால் தெருக்களைக் கலந்துவிட்டால் தீர்ந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். "அவுக வீட்டுத் திண்ணையில நான் உக்காந்து என்னத்தப் பேச? இங்கனன்னாலும் நான் தலைவி." இதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. தனி அன்பியம் ஒதுக்கிவைத்த இடம்தான். ஆனால் எங்கள் பெண்கள் வாய் திறக்கக் கற்ற இடமும் அதுதான். கலப்பு என்ற பெயரில் அதைப் பிடுங்கி, மேலத்தெரு வீட்டில் பாய்க்கு ஓரமாக உட்காரவைப்பது சாதியொழிப்பு ஆகாது.

என் கருத்து இதுதான்: முதலில் மாற வேண்டியது பேரவைக் கணக்கு. குடும்ப எண்ணிக்கைப்படி பிரதிநிதிகள் வரட்டும். பிறகு கலப்பு அன்பியங்கள் வரட்டும், அவற்றின் முதல் தலைமை காலனிக்கு, முதல் கூட்டமும் காலனி வீட்டில், அங்கே கொடுக்கிற காப்பியை எல்லோரும் குடிக்க வேண்டும். (வீட்டுக்கு வந்தும் 'இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்' என்பவர்களை எங்கள் தெரு நன்றாக அறியும்.) பயிற்சியிலும் பாதியை மேலத்தெருத் தலைவர்களுக்கு ஒதுக்கலாம். எங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள், அவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. சப்பரம் ஏன் வரவில்லை என்று ஒரு பாட்டி கேட்டால் தலைவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் ஏழு படியைப் போலவே பாடத்தில் இருக்க வேண்டும்.

இந்த மாதக் கூட்டம் எங்கள் வீட்டில். மேலத்தெரு அன்பியத் தலைவரையும் அம்மா கூப்பிட்டிருக்கிறார். வருவதாகத்தான் சொல்லியிருக்கிறாராம். ஜீப்பை விட்டு இறங்கி அம்மா வீடு வந்து சேர இரவு ஏழாகிவிடும். ஆறாவது படிக்கு மட்டும் அரைமணி நேரம் வேண்டும் என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். காப்பித்தூள் வாங்கி வைக்கும் வேலை எனக்கு.