பார்ப்பவனும் பிடிப்பவனும்

கடலில் மூழ்குகிறவன் என்றால் நமக்குத் தெரிந்தவன் ஒருவன்தான். மன்னார் வளைகுடாவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சங்கு அள்ளிக்கொண்டு மேலே வருகிறவன். வெறுங்கையோடு வந்தால் அன்றைக்கு அவன் வீட்டில் அடுப்பு எரியாது. வெறுங்கையோடு திரும்புவதற்கென்றே ஒருவன் கடலில் இறங்குவான், அதற்குக் கைக்காசும் செலவழிப்பான் என்று சொன்னால் நம் தூத்துக்குடிக்காரர் சிரிப்பார். ஆனால் உலகத்தில் இன்று லட்சக்கணக்கான பேர் அதைத்தான் செய்கிறார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டர், உடம்பில் ரப்பர் உடை, கண்ணில் கண்ணாடி. பார்ப்பதற்காகவே இறங்குகிறார்கள், பார்த்துவிட்டு ஏறிவிடுகிறார்கள்.

அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் இறங்கும் அதே கரையில் தூண்டில்காரனும் நிற்கிறான். தகராறு அங்கேதான் ஆரம்பமாகிறது. தகராறு வந்துவிட்டால் படித்தவர்களின் அனுதாபம் யோசிக்காமல் ஒரு பக்கமாகவே சாய்ந்துவிடுகிறது. அதுதான் என் புகார்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலியட் விரிகுடாவின் மேற்குக் கரையில், நகரத்தின் உயரமான கட்டடங்களுக்கு நேர் எதிரே, சீக்ரெஸ்ட் என்று ஒரு பூங்கா. அதை ஒட்டிச் சின்னச் சின்னக் குடாக்கள். அவற்றில் மூழ்குகிறவர்கள் இறங்குகிறார்கள். நடுவில் ஒரு கடல் பாலம். அதன் மேல் தூண்டில்காரர்கள். நகரத்துக்குப் போகும் பயணிப் படகும் அங்கேயே வந்து நிற்கிறது. இத்தனைக்கும் சேர்ந்து கொஞ்சம் தண்ணீர்தான். இலையுதிர் காலம் வந்து, இரவுகள் நீண்டால், ஊசிக்கணவாய்கள் வெளிச்சத்தைத் தேடிக் கரைக்கு வரும். அப்போது பாலத்தின் மேல் விளக்குகளோடு ஜனங்கள் வரிசையாக நின்று கணவாய் பிடிப்பார்கள். கீழே மூழ்கியிருப்பவனுக்குத் தலைக்கு மேலே முள்ளும் ஈயக்குண்டும் வந்து விழுகின்றன. மேலே நிற்பவனுக்கோ, மணிக்கணக்காகக் காத்திருந்த இடத்தில் திடீரென்று காற்றுக் குமிழிகள் கிளம்புகின்றன. இருவருமே ஒருவரை ஒருவர் வைகிறார்கள்.

இந்தக் கரையில் 2012ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி ஒரு சம்பவம் நடந்தது. ஓர் இளைஞன் மூழ்கிப்போய், பெரிய பேய்க்கணவாய் ஒன்றைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தான். அவனிடம் லைசென்ஸ் இருந்தது. நாளைக்கு ஒன்று பிடிக்கலாம் என்பது சட்டம். அவன் ஒன்றுதான் பிடித்தான். ஆனால் பார்ப்பதற்காக வந்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். புகைப்படங்கள் ஊரெல்லாம் பரவின. அந்தப் பையனுக்கு வசவுகளும் மிரட்டல்களும் குவிந்தன.

கொதிப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பேய்க்கணவாய் ஒரு பொந்தில் குடியிருக்கும் பிராணி. வாரா வாரம் போய்ப் பார்க்கிறவர்களுக்கு அது அக்கம்பக்கத்து வீட்டாரைப் போல ஆகிவிடுகிறது. அந்த ஜாதிப் பெட்டை, முட்டையிட்டபின் ஆறேழு மாதம் இரை எடுக்காமல் பொந்திலேயே காவல் இருந்து, குஞ்சுகள் வெளிவந்ததும் செத்துப்போகிறது. இதைக் கண்ணால் கண்டவனுக்கு அதை ஒருவன் கட்டி இழுத்துப்போவது பொறுக்குமா? பொறுக்காதுதான்.

விசாரணைகள் நடந்தன. 2013 ஆகஸ்டில் அந்த மாநிலத்தின் மீன், வனவிலங்கு ஆணையம் ஒரு முடிவு செய்தது. சீக்ரெஸ்ட் குடாக்கள் உள்பட ஏழு இடங்களில் பேய்க்கணவாய் பிடிக்கக் கூடாது. மற்ற இடங்களில் பழைய சட்டமே. அதாவது, பேய்க்கணவாய் தின்பது பாவம் என்று ஆணையம் தீர்ப்புச் சொல்லவில்லை. இனம் அழிந்துபோகிறது என்றும் தடை போடவில்லை. இந்த ஏழு இடங்களில் ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள், ஆகையால் இங்கே விட்டுவிடுங்கள் என்றது. அவ்வளவுதான். நல்ல தீர்ப்பு, அதை நான் மனசார ஆதரிக்கிறேன்.

ஆனால் அந்தத் தீர்ப்பை வாங்கியவர்கள் அதன் பொருளைப் புரிந்துகொண்டார்களா என்பதுதான் என் சந்தேகம். பார்ப்பவன் உயர்ந்தவன், பிடிப்பவன் தாழ்ந்தவன் என்பதல்ல அதன் பொருள். ஒரு கரையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும்போது, எந்த இடம் எவனுக்கு மிகவும் அவசியமோ அந்த இடத்தில் மற்றவன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். குடாவில் பார்ப்பவனுக்காகப் பிடிப்பவன் விலகினான். அப்படியானால் பாலத்தடியில் பிடிப்பவனுக்காகப் பார்ப்பவன் விலக வேண்டாமா? முதல் பாதியைச் சட்டமாக்கிக்கொண்டு, இரண்டாம் பாதி வரும்போது, “கடல் எல்லாருக்கும் பொது, தூண்டில் போடுகிறவன்தான் பார்த்துப் போட வேண்டும்” என்று பேசுவது நியாயம் ஆகாது.

யோசித்துப் பாருங்கள். மூழ்குகிறவனுக்கு ஒரு குடா இல்லாவிட்டால் இன்னொரு குடா. இன்று இல்லாவிட்டால் நாளை. பாலத்தில் நிற்கிறவனுக்கு அந்தப் பாலத்தை விட்டால் ஆழத் தண்ணீருக்கு மேலே நிற்க இடம் ஏது? சொந்தப் படகு வைத்திருக்கிறவன் பாலத்தில் இடித்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. கணவாயும் இவனுடைய சௌகரியத்தைப் பார்த்து வருவதில்லை. அது வருகிற மாதத்தில், வருகிற இரவில்தான் இவன் நிற்க முடியும்.

அந்தத் தூண்டில்காரன் யார்? அதே விரிகுடாவில் வந்து விழுகிறது துவாமிஷ் ஆறு. ஒரு நூற்றாண்டுக் காலத் தொழிற்சாலைக் கழிவு அதன் சேற்றில் படிந்து கிடக்கிறது. 2001இல் மத்திய அரசாங்கம் அதை நாட்டின் மிக மோசமான நச்சுக் களங்களின் பட்டியலில் சேர்த்தது. வந்து போகும் சால்மன் மீனைத் தின்னலாம், ஆற்றிலேயே தங்கி வாழும் மீனையும் நண்டையும் தின்னாதீர்கள் என்று சுகாதார அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை வியட்நாமிய மொழியிலும் கம்போடிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் எழுத வேண்டியிருக்கிறது. தூண்டிலின் மறுமுனையைப் பிடித்திருப்பவர்களில் எத்தனை பேர் பிழைக்க வந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பொழுதுபோக்குக்காக நிற்பவர்களும் அங்கே உண்டு, சந்தேகமில்லை. ஆனால் வாளியைப் பார்த்து வீட்டில் காத்திருப்பவர்களும் உண்டு.

தூண்டில்காரன் செய்கிற தப்பை நான் மறைக்கவில்லை. அறுந்த நைலான் நரம்பை அவன் கடலிலேயே விட்டுவிடுகிறான். அது மக்கிப்போவதில்லை, நண்டும் மீனும் சிக்கிச் சாகின்றன, மூழ்குகிறவன் காலிலும் சுற்றிக்கொள்கிறது. பாலத்தடியில் அந்தக் குப்பையைப் பொறுக்கி எடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் மூழ்குகிறவர்களே. அதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். குப்பை போடுகிறவனுக்கு அபராதம் போடுங்கள். பாலத்தில் நரம்பு போடுவதற்கு ஒரு தொட்டி வையுங்கள். அது போக்கிரித்தனத்துக்குத் தண்டனை. ஆனால், குப்பை போடுகிறான் என்பதையே சாக்காக வைத்து அவனைப் பாலத்தை விட்டே இறக்கப் பார்ப்பது வேறு காரியம். சினிமாக் கொட்டகையில் வெற்றிலை துப்புகிறவன் இருக்கிறான் என்பதற்காகத் தரை டிக்கெட்டையே ஒழித்துவிடுவது போன்றது அது.

வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாமெல்லாம் பார்க்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள், மீன் நாற்றம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள். ஆகையால் பார்ப்பவனுடைய வாதம் நமக்கு உடனே பிடித்துவிடுகிறது. அழகு, ஜீவகாருண்யம் என்ற சொற்களும் அவன் பக்கத்தில் நிற்கின்றன. பிடிப்பவன் பக்கத்தில் நிற்பது ஒரே ஒரு சொல்தான்: சாப்பாடு. அதற்கு நாம் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை, ஏனென்றால் நமக்கு அது நேரத்துக்குத் தட்டில் வந்துவிடுகிறது.

ஏழு இடங்களில் பேய்க்கணவாய்க்கு ஒரு பொந்து கிடைத்துவிட்டது. கணவாய் வரும் இரவுகளில், பாலத்தைச் சுற்றி ஒரு தூண்டில் வீச்சுத் தூரத்துக்கு மூழ்குகிறவர்கள் வராதிருக்கட்டும். அந்த ஏழு இடங்களுக்காக மனுக் கொடுத்தவர்களே இந்த மனுவையும் கொடுத்தால், அன்றைக்கு நான் அவர்களுடைய ஜீவகாருண்யத்தை முழுசாக நம்புவேன்.