முகவரி பார்த்துத் தரப்படும் மொழியுரிமை

ஸ்பெயினின் நவாரா பகுதியில், பாம்ப்லோனா நகருக்கு அருகே உள்ள இருலெகி மலையில் 2021இல் அகழாய்வாளர்களுக்குக் கை வடிவிலான வெண்கலத் தகடு ஒன்று கிடைத்தது. மணிக்கட்டுப் பக்கம் ஆணித் துளை. விரல்கள் கீழ்நோக்கித் தொங்கும்படி வீட்டுக் கதவில் அடித்து வைத்திருக்க வேண்டும். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் நான்கு வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. இன்றைய பாஸ்க் மொழியின் தொல்வடிவத்தில் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று என ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த மலை இருப்பது அரங்குரென் பள்ளத்தாக்கில். 1986ஆம் ஆண்டின் மொழிச் சட்டப்படி அந்தப் பள்ளத்தாக்கு ‘பாஸ்க் பேசாத மண்டலம்’. 2010 வரை அப்படித்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தை இயற்றியது மாட்ரிட் அல்ல, நவாராவின் சொந்த நாடாளுமன்றம். என்னை உறுத்துவது இதுதான்.

1512இல் காஸ்தீல் படைகள் நுழையும்வரை தனி முடியரசாக இருந்த நாடு நவாரா. அதன் பிறகும் ‘ஃபுவேரோ’ எனப்படும் மரபுரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை. 1841இல் முடியரசு என்ற தகுதி போய் மாகாணமானது. வரி வசூலிக்கும் உரிமை தங்கியது. 1893இல் நிதியமைச்சர் கமாசோ அதிலும் கைவைக்கப் பார்த்தபோது மக்கள் திரண்டெழுந்து தடுத்தார்கள். தன்னை எதிர்த்து நின்ற பிஸ்காயா, கிபுஸ்கோவா எனும் பாஸ்க் மாகாணங்களிடமிருந்து சர்வாதிகாரி பிராங்கோ 1937இல் இந்த உரிமையைப் பறித்தார். தன் பக்கம் நின்ற நவாராவைத் தொடவில்லை. இன்றும் வருமான வரி முதல் மதிப்புக் கூட்டு வரி வரை நவாராவே வசூலித்துக்கொண்டு, மத்திய அரசின் பொதுச் செலவுக்கான பங்கை மட்டும் மாட்ரிட்டுக்குச் செலுத்துகிறது. கூட்டாட்சி நாடுகள் பலவற்றின் மாநிலங்களுக்கே கிட்டாத அதிகாரம் இது.

இத்தனை அதிகாரமுள்ள அரசு தன் மண்ணின் மொழியை மூன்று மண்டலங்களாகக் கூறுபோட்டிருக்கிறது: பாஸ்க் பேசும் மண்டலம், கலப்பு மண்டலம், பாஸ்க் பேசாத மண்டலம். வடக்கே மலைக் கிராமத்தில் வசிப்பவருக்கு அரசு அலுவலகத்தில் பாஸ்க் மொழியிலேயே சேவை பெறும் உரிமை உண்டு. அவரே தெற்கே பாஸ்க் பேசாத மண்டலத்திலுள்ள துதேலாவுக்குக் குடிபெயர்ந்து பாஸ்க் மொழியில் மனுக் கொடுத்தால், ஸ்பானிய மொழிபெயர்ப்பைக் கொண்டுவரச் சொல்ல அலுவலகத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆள் அதே ஆள், அரசும் அதே அரசு. தெற்கு மண்டல அரசுப் பள்ளிகளில் பாஸ்க் வழிக் கல்விக்கு 2015இல் சட்டம் திருத்தப்படும்வரை இடமே இருக்கவில்லை.

இதற்குக் காரணம் அச்சம். பக்கத்திலுள்ள பாஸ்க் தன்னாட்சிப் பகுதியுடன் நவாரா இணைய 1978 அரசியலமைப்பு ஒரு வழியைத் திறந்து வைத்தது. அந்த இணைப்பை எதிர்க்கவே 1979இல் நவாரா மக்கள் ஒன்றியம் என்ற கட்சி உருவானது. ஆயுதமேந்திய பாஸ்க் பிரிவினைவாத அமைப்பான ஈடிஏவின் கொலைகள் அந்த அச்சத்தை வெறுப்பாக மாற்றின. பாஸ்க் மொழிக்கு ஆதரவாகப் பேசுபவர் இணைப்புக்கு ஆள் சேர்க்கிறார் என்ற சந்தேகம் வேரூன்றியது. ஈடிஏ 2018இல் கலைந்துவிட்டது. மண்டல முறை அப்படியே இருக்கிறது.

துதேலா அமைந்த எப்ரோ ஆற்றுச் சமவெளியில் பல நூற்றாண்டுகளாகப் பாஸ்க் பேசப்படவில்லை, அங்குள்ளவர்கள் மேல் ஏன் திணிக்க வேண்டும் என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால், துதேலாவில் இருப்பவர் பாஸ்க் படித்தே ஆக வேண்டும் என்பதல்ல கோரிக்கை. படித்தவருக்குத் தன் அரசு அந்த மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்பதே. ‘அழிந்துவரும் மொழிக்கு இவ்வளவு செலவா?’ என்ற கேள்விக்கும் எண்களே பதில் தருகின்றன. நவாராவில் பாஸ்க் பேசத் தெரிந்தவர்கள் 1991இல் சுமார் 9.5 சதவீதம், 2021இல் சுமார் 14 சதவீதம். பகுதி முழுவதும் இரு மொழிகளும் ஆட்சிமொழியாக உள்ள பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் அதே முப்பது ஆண்டுகளில் 24 சதவீதம் 36 ஆகியிருக்கிறது. சட்டம் கைகொடுத்த இடத்தில் மொழி வேகமாக வளர்ந்திருப்பதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

மண்டல எல்லைகளை மாற்ற மாட்ரிட்டின் அனுமதி தேவையில்லை. 2010இல் அரங்குரென் உள்ளிட்ட நான்கு ஊராட்சிகளும், 2017இல் மேலும் 44 ஊராட்சிகளும் நவாரா நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பால்தான் கலப்பு மண்டலத்துக்கு வந்தன. 2019 முதல் ஆளும் சோஷலிஸ்ட் கட்சித் தலைவி மரியா சிவிதே, பாஸ்க் தேசியவாதிகளின் ஆதரவோடுதான் பதவியில் இருக்கிறார். ஆனாலும் அவரது கட்சி மண்டல முறையையே கட்டிக் காக்கிறது. வரியுரிமையை நூற்றாண்டுகளாகக் காத்த மண்ணின் 50 உறுப்பினர் அவை, மொழியுரிமையைத் துதேலா வரை கொண்டுசெல்லத் தனக்கு இருக்கும் அதிகாரத்தை இப்போதே பயன்படுத்த வேண்டும்.