சீனி மலையும் தேயிலை மலையும்

வட நோர்வேயின் ட்ரொம்சோ நகரில் வாழும் என் மருமகன், மாரி காலத்தில் தொலைபேசி எடுத்தால் முதலில் கேட்பது, "மாமா, கரடியனாற்றில் மழை எப்படி?" என்பதுதான். நான் அங்குள்ள பனியைப் பற்றிக் கேட்பேன். "எச்சரிக்கை மட்டம் மூன்று, மாமா. மலைப்பக்கம் போவதில்லை" என்பான். பனிச்சரிவின் ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை மட்டமிட்டு அறிவிக்கிறார்கள் என்பதை அவன் மூலமே அறிந்தேன்.

பனி எங்கும் ஒரே தன்மையது அன்று. கடலோர மலைகளில் அது ஈரமாகவும் ஆழமாகவும் படிகிறது. சரிவுகள் பெரும்பாலும் புயலோடு வந்து புயலோடு முடிகின்றன. வட துருவத்தை அண்டிய ஸ்வால்பார்ட் தீவுகளிலோ பனிப்படை மெல்லியது, குளிர் கடுமையானது. தரைக்கும் மேற்பரப்புக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டால் அடிப்பனி சீனிமணிகள் போல ஒட்டாத படிகங்களாகி, வாரக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அதன் மேல் காற்று அள்ளிவந்த பனி பலகைபோல் இறுகுகிறது. பாரம் கூடும்போது பலகை வழுக்குகிறது.

2015 டிசம்பர் 19 அன்று அதுதான் நிகழ்ந்தது. புயற்காற்று குவித்த பனி, லோங்இயர்பியன் ஊருக்கு மேலுள்ள சுக்கர்தொப்பன் மலையிலிருந்து சரிந்து 11 வீடுகளைத் தாக்கியது. ஒரு குழந்தை உட்பட இருவர் மாண்டனர். அம்மலைப் பெயரின் பொருளும் சீனிச் சிகரம் என்பதே! அதன் பின்னரே அங்கு முறையான எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 2017 பெப்ரவரியில் மீண்டும் சரிவு வீடுகளைத் தாக்கியது, உயிர்கள் தப்பின. எச்சரிக்கை மட்டும் போதாதென்று உணர்ந்தவர்கள், ஆபத்தான இடத்து வீடுகளை அகற்றினர். மலையில் தடுப்பு வேலிகளை நிறுவினர்.

இனி நம் மலைக்கு வருவோம். எங்கள் ஊரை ஊடறுத்துச் செல்லும் செங்கலடி வீதி பதுளைக்கு ஏறுகிறது. எங்கள் பெரும்போக வயல்களை நிறைக்கும் அதே வடகீழ்ப் பருவமழைதான் பதுளையின் சரிவுகளையும் நனைக்கிறது. மழைநீர் மண்ணின் துளைகளில் நிரம்பி அழுத்தம் கூட, மண் பிடிமானத்தை இழக்கிறது. அங்கே சீனிப்பனி, இங்கே நீர் கோத்த மண். விதி ஒன்றே.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுள் புதைந்தன. சிலரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று அன்று பலர் கேட்டனர். எங்கே போவது? சொந்தமாக ஓர் அடி நிலமும் இல்லாதவனிடம் "வெளியேறு" என்பது எச்சரிக்கையா? 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றபோதும், மலையகத்தின் மண்சரிவுகளே பெருந்துயராயின.

நோர்வே செல்வந்த நாடு, ஒப்பிடலாகாது என்பர். தடுப்பு வேலிக்கு அது பொருந்தலாம். ஆனால் பாதுகாப்பான இடத்தில் ஏழு பேர்ச் காணியும் அதற்கோர் உறுதிப்பத்திரமும் கொடுக்கச் செல்வம் வேண்டியதில்லை; மனம் வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நாட்டுக்குத் தேநீர் தந்தவர்கள் கேட்பது அதைத்தான்.

மருமகன் அங்கே "மட்டம் மூன்று" என்று கேட்டதும் வீட்டில் இருந்துவிடுகிறான். மலையகத்து மனிதனுக்கோ, ஆபத்தான இடமே அவனது வீடாக இருக்கிறது.