உளவடுவும் விரலழுத்தமும்

உடலுக்கு உற்ற புண் கண்ணுக்குப் புலனாகும். அதற்கு மருந்திடுவாரும் உளர், கட்டுவாரும் உளர். உள்ளத்துக்கு உற்ற புண்ணோ புலனாவதில்லை. புலனாகாததை இல்லையென்று கொள்ளும் வழக்கம் உலகிற் பெரிது. போர், நிலநடுக்கம், கடல்கோள், வன்செயல் என்றின்னவற்றால் ஒருவர் உள்ளத்திற் பதிந்து, நிகழ்ச்சி முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஆறாது நிற்கும் ஊறினை உளவடு என அறிஞர் வழங்குவர். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980 ஆம் ஆண்டிலே தனது நோய்ப்பட்டியலில் இதனையும் ஒரு நோயாகச் சேர்த்தது. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அந்நோயின் இலக்கணமன்று. அந்நோயுற்றார்க்கு யப்பானியரின் ‘சியாட்சு’ என்னும் விரலழுத்த முறை எவ்வளவு துணைசெய்யும், எவ்விடத்தில் துணைசெய்யாது என்பதே.

தமிழாசிரியருக்கும் இதற்கும் யாது தொடர்பு என வினவுவார் இருக்கலாம். தொடர்பு உண்டு. சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம், நெஞ்சிற் சுமந்ததை வாய்விட்டுச் சொன்னாற் பாரம் குறையும் என்னும் நம்பிக்கையிலே வளர்ந்தவர்கள். அது பொய்யன்று, ஆயின் எல்லார்க்கும் எவ்வேளையிலும் மெய்யுமன்று. 1996 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், உளவடு நோயுற்ற எண்மருக்கு அவரவர் அனுபவித்த கொடுமையின் வரலாற்றையே மீண்டும் செவியில் ஒலிக்கச்செய்து, அவ்வேளையில் மூளையின் குருதியோட்டத்தைப் படம்பிடித்து ஆராய்ந்த முடிபினை வெளியிட்டனர். அச்சத்தை எழுப்பும் பகுதி கிளர்ந்தெழுந்தது. பேச்சை ஆக்கும் ‘புரோக்கா’ என்னும் பகுதியோ அடங்கிப் போயிற்று. எண்மரைக் கொண்ட ஆய்வின்மேல் மாடமாளிகை எழுப்புதல் தகாது. எனினும், ‘நாவெழவில்லை’, ‘வாயடைத்துப் போயிற்று’ என நம் மக்கள் வழங்கும் தொடர்கள் வெறும் அணியல்ல போலும்!

இன்னுமொன்று. பேரிடர் நேர்ந்த சில நாட்களுள் பாதிக்கப்பட்டாரை அழைத்திருத்தி, நிகழ்ந்தது முழுவதையும் ஒரே அமர்விற் சொல்லுவிக்கும் முறையொன்று 1980களிலும் 1990களிலும் பல நாடுகளிற் பரவியிருந்தது. பின்னர் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவிடத்து, அது நோயைத் தடுக்கவில்லை என்பதும், சிலர்க்குத் தீங்கே விளைத்திருக்கலாம் என்பதும் தெரியவந்தன. உலகச் சுகாதார தாபனமும் அதனைக் கைக்கொள்ள வேண்டாவென அறிவுறுத்தியது. இதனை நம் உடன்றொழிலாளர் குறித்துக்கொள்ளல் நன்று. கடல்கோளில் தாயை இழந்த பிள்ளைக்குக் ‘கடல் சீறிய நாள்’ எனத் தலைப்பிட்டு, பதினைந்து வரிக்குக் குறையாமல் எழுதுக எனப் பணித்து, பின் ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மையால் வட்டமிடுவதைக் கட்டுரைப் பயிற்சி என்று சொல்வது எங்ஙனம்?

சொல் எழாதவிடத்து வேறு வாயில் உண்டோ? உண்டு, அது தோல் என்பர் சியாட்சு முறையார். ‘சி’ என்பது விரல். ‘அட்சு’ என்பது அழுத்தம். யப்பானிலே ‘அன்மா’ எனப் பெயரிய பழைய பிடித்தற்கலை ஒன்று உண்டு. பல நூற்றாண்டுகளாக அது பார்வையற்றோரின் சீவனோபாயமாய் இருந்துவந்தது. இன்றும் அந்நாட்டுப் பார்வையற்றோர் பாடசாலைகளில் அன்மாவும் சியாட்சுவும் பயிற்றப்படுகின்றன. கண் காணாதவிடத்துக் கை காணும் என்பதை அம்மக்கள் பாடத்திட்டமாகவே ஆக்கிவிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பழங்கலையோடு மேனாட்டு உடலமைப்பறிவும் கலந்து பிறந்ததே சியாட்சு. அதனை நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் தொக்குயிரோ நமிக்கோசி. 1905 இற் பிறந்த அவர் சிறுவராயிருந்த காலத்தில், அவருடைய குடும்பம் வடக்கே குளிர்மிக்க ஒக்கைடோத் தீவிற் குடியேறியது. ஆங்கே தாயாருக்கு மூட்டுகள் வீங்கி நோவெடுக்க, மருத்துவ வசதியற்ற அவ்விடத்திலே மகன் தன் சிறு விரல்களால் அழுத்தியும் தடவியும் பார்க்க, தடவலினும் அழுத்தலே சுகந்தருவதெனத் தாய் சொல்லச்சொல்லக் கற்றுக்கொண்டார் என்பது வரலாறு. கதையிற் சிறிது பக்தி கலந்திருத்தல் கூடும். எக்கலையின் பிறப்புக் கதையும் அத்தகையதே. 1925 இல் ஒக்கைடோவிற் சிகிச்சைநிலையம் திறந்த அவர், 1940 இல் தோக்கியோவிற் பயிற்சிக் கல்லூரி நிறுவினார். 1954 இல் யப்பானுக்கு வந்து நோயுற்ற நடிகை மரிலின் மன்றோவுக்கு இவரே விரலழுத்தம் செய்தார் என்பர். (யூபிலி மலரில் நடிகைக்கு என்ன வேலை எனப் பத்திராதிபர் இவ்வரியை நீக்கினும் நாம் வருந்தோம்.) 1955 இல் சியாட்சு யப்பானியச் சட்டத்தில் இடம்பெற்றது. இன்று அங்கே இத்தொழிலைச் செய்ய விரும்புவார், மூன்றாண்டுக்குக் குறையாது கற்று, அரசாங்கத் தேர்விலும் சித்தியடைதல் வேண்டும். ஈரிரு வாரவிறுதிகளிற் கற்றுச் சான்றிதழை மாட்டிவைப்பார் பெருகிய இவ்வுலகில் இது நினைவிற் கொள்ளத்தக்கது.

நமிக்கோசிக்குப் பின் வந்த சிசுதோ மசுநாகா உளவியல் கற்றவர். அவர் முறையிலே ஒரு கை அசையாது ஓரிடத்திற் படிந்திருக்க, மற்றைக் கை இடம்விட்டு இடம்பெயர்ந்து அழுத்திச் செல்லும். அசையாத கையைத் ‘தாய்க்கை’ என்பர். அப்பெயரிலேயே முறையின் உயிர் இருக்கின்றது என்பது எமது துணிபு.

செய்முறையோ எளியது. எண்ணெய் இல்லை, ஆடை களைதல் இல்லை. நிலத்தில் விரித்த மெத்தையிற் படுத்தோ, இயலாதவிடத்துக் கதிரையில் இருந்தோ பெறலாம். அழுத்துபவர் தசைவலிமையைக் காட்டாது, தம் உடற்பாரத்தையே பெருவிரல் வழியாகவும் உள்ளங்கை வழியாகவும் மெல்லச் சாய்த்து, சில வினாடி நிறுத்தி, மெல்ல எடுப்பர். உடலில் உயிராற்றல் ஓடும் தடங்கள் உள என்பது மசுநாகா வழியினர் கொள்கை. அத்தடங்களை எந்த அறுவை மருத்துவரின் கத்தியும் இதுவரை கண்டதில்லை. நாமும் அதற்காக வாதாட வரவில்லை. உடற்றொழிலியல் படித்த மாணாக்கர் வேறொரு வழியால் இதனை விளங்கிக்கொள்ளலாம். ஆபத்தில் உடலை முடுக்குவது பரிவு நரம்புத்தொகுதி. ஆபத்து நீங்கியபின் அமைதிப்படுத்துவது பரபரிவு நரம்புத்தொகுதி. உளவடுவுற்றாரிடத்து முதலாவது எளிதில் ஓய்வதில்லை. தோள் உயர்ந்தே நிற்கும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், கதவு அடித்துச் சாத்தினால் உடல் துள்ளும், உறக்கம் வாராது. ‘பயப்படாதே’ என்னும் சொல் செவிவரை செல்லும், தோளுக்குச் செல்லாது.

ஆபத்தின் கொடுமை அதன் வலிமையில் மட்டுமன்று. அது முன்னறிவிப்பின்றி வந்ததிலும், நிறுத்தென்றால் நில்லாததிலுமே உள்ளது. முறையறிந்த கையின் அழுத்தமோ இவ்விரண்டுக்கும் மறுதலை. அடுத்து எவ்விடத்தில் விழும் என்பது தெரியும். எவ்வளவு நேரம் நிற்கும் என்பது தெரியும். ‘போதும்’ என்ற மாத்திரத்தில் நின்றுவிடும். தன் உடலின்மேல் தனக்கு ஆணை உண்டு என்பதை இழந்தவர், அவ்வாணையைச் சிறிது சிறிதாக மீளப் பெறுவதற்கு இஃது ஒரு பயிற்சிக்களம். சியாட்சுவின் பயன் இங்கேதான் உளது என்று நாம் கருதுகின்றோம். விரல்நுனியிலே மந்திரம் ஏதும் இல்லை.

ஆயின் மிகைபடக் கூறுதல் குற்றம். 2011 இல் ஆங்கில நாட்டு ஆய்வாளர் இத்துறை ஆய்வுகளையெல்லாம் திரட்டி நோக்கினர். புள்ளியழுத்தம் நோவுக்கும் குமட்டலுக்கும் உறக்கமின்மைக்கும் பயன்படலாம் என்றும், சியாட்சுவைப் பொறுத்தவரை சான்று வலுவற்றது என்றும் முடிபுகூறினர். உளவடு நோயைச் சியாட்சு மாற்றும் என நிறுவிய பேராய்வு எதுவும் இல்லை. உலகச் சுகாதார தாபனம் 2013 இல் வெளியிட்ட நெறிமுறைகள் அந்நோய்க்கு விதந்துரைப்பன, தேர்ந்தார் நடத்தும் உளச்சிகிச்சைகளையே. ஆதலின் உளமருத்துவரை விடுத்து விரலழுத்துவாரிடம் செல்க என்பார் சொல்லை ஏற்றல் ஆகாது. சிகிச்சைக்கு அமர்ந்திருக்கவும் இயலாது நடுங்கும் உடலை அமரவைப்பது, இரவில் இரண்டு மணி நேரம் கூடுதலாக உறங்கச்செய்வது, இவ்வளவே துணையின் வேலை. இவ்வளவு சிறிதோ எனின், உறங்காத இரவுகளை அறிந்தார் அவ்வாறு வினவார்.

யப்பானியரிடத்தே இதற்கு உறவான வேறொரு வழக்கம் எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. 1995 சனவரியிற் கோபே நகரைச் சிதைத்த நிலநடுக்கம் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அகதிமுகாம்களில் இருந்தோரிடம் சென்ற தொண்டர்கள், பேசினில் வெந்நீர் நிறைத்து, அவர்தம் பாதங்களை அதில் வைக்கச்செய்து, எதிரே அமர்ந்து, கைகளைப் பிடித்து மெல்ல அழுத்திவிட்டனர். கேள்வி ஒன்றும் கேட்டாரில்லை. பாதம் சூடேற, கை தளர, முதியோர் தாமாகவே முணுமுணுக்கத் தொடங்கினர்: இடிந்த வீடு, இறந்த கணவர், முழங்கால் நோ, மருமகள் குறை. தொண்டர் கேட்டிருந்துவிட்டுப் பின்னர் அம்முணுமுணுப்புகளைக் குறித்துவைத்து, வேண்டிய உதவிக்கு வழிசெய்தனர். 2007 இல் நோதோவிலும், 2011 இல் வடகிழக்குக் கரையைப் பேரலை அழித்தபோதும் இவ்வழக்கம் தொடர்ந்தது. இது சியாட்சு அன்று. சட்டப்படி சிகிச்சையும் அன்று. எனினும் சொல் முன், கை பின் என்னும் வரிசையை இது மாற்றிவைத்தது. கை முன்சென்றது, சொல் தன் விருப்பிற் பின்னே வந்தது.

இனி எச்சரிக்கை. தீண்டலே துன்பமாய் வந்தவர் நம்மிடையே உளர். சித்திரவதைக்கு உள்ளானார்க்கும், பாலியல் வன்செயலுக்கு உள்ளானார்க்கும், முதுகுப்புறத்தில் ஒருவர் நிற்பதே பேரச்சம். குப்புறப் படுத்தலும் கழுத்திற் கைபடலும் அதனினும் கொடிது. அவரிடம் வாயால் இசைவு பெறுதல் போதாது. மறுத்தற்கு அஞ்சியும் தலையசைப்பர். ஒவ்வோரிடத்துக்கும் தனித்தனியே கேட்டல் வேண்டும். ஆடவர் கையா பெண்டிர் கையா என்பதையும் அவரே தெரிதல் வேண்டும். வேண்டாவெனின் விடுதல் வேண்டும். அவ்விடுதலே சிகிச்சையாய் அமைதலும் உண்டு. உடற்கூற்றுத் தடைகளும் உள: முறிந்த எலும்பு, காலிற் குருதிக்கட்டி, காய்ச்சல், ஆறாப் புண். நம் வன்னி மக்களுள் எறிகணைத் துண்டுகளை இன்றும் உடலிற் சுமந்திருப்போர் பலர். அத்துண்டு எங்கே கிடக்கின்றது என்பதை மருத்துவர்வழி அறியாது அழுத்துதல் பேதைமை.

ஆசிரியர் கையைப்பற்றியும் ஒருவார்த்தை. மாணாக்கரை அடித்தலை விலக்கிக் கல்வியமைச்சு 2005 இற் சுற்றுநிருபம் விடுத்தது. ‘அடியாத மாடு படியாது’ என்பாரை ஆசிரியர் ஓய்வறையிற் பின்னரும் நாம் கேட்டதுண்டு. ஓங்கிய கையைக் கண்டு உடல் சுருங்கும் பிள்ளை பாடத்தையா கற்கும்?

1983 முதல் 2009 வரை நீண்ட போரையும் 2004 மார்கழிக் கடல்கோளையும் கண்ட இந்நாட்டிலே, உளவடு யப்பானிலிருந்து வந்த செய்தியன்று. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், நம்மவர் உளத்துயர் தலையிடியாகவும் நெஞ்சு நோவாகவும் உடல் அலுப்பாகவும் வெளிப்படுவதை விரிவாக எழுதியுள்ளார்; மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், செபம் முதலியவற்றைச் சிகிச்சையோடு இணைத்துமுள்ளார். துயர் உடல்வழி வருமாயின் ஆறுதலும் உடல்வழி செல்லுதல் இயல்பே. சித்த மருத்துவத்திலே தொக்கணம் என ஒன்று உண்டு. அதன் ஒன்பது வகையுள் அழுத்தலும் ஒன்று. யப்பானியர் நம்மிடமிருந்து கற்றனர் என்று பெருமை பேசுதற்கு இதனைச் சொன்னோமல்லோம். அதற்கு ஆதாரம் இல்லை. அத்தகைய பேச்சு யூபிலி மலர்களில் ஏற்கெனவே போதிய அளவு உளது. அவர் தம் பழங்கலையைச் சட்டத்துக்கும் தேர்வுக்கும் ஆய்வுக்கும் உட்படுத்தினர். தொக்கணத்தை நாமும் அங்ஙனம் உளவடுத் துறையிற் சோதித்துப் பார்த்தல் நம் சித்த மருத்துவ மாணாக்கர்க்குத் தக்க ஆய்வுப்பொருள்.

பழைய மாணவர் சங்கத்தார் இவ்வாண்டு செய்யவிருக்கும் தொண்டுகளுள் இதனையும் ஒன்றாகச் சேர்க்குமாறு வேண்டுகின்றோம். எம் கல்லூரிப் பழைய மாணவருள் மருத்துவரும், இயன்மருத்துவரும், உளவளத்துணையாளரும் உளர். அவர்கள் உயர்வகுப்பு மாணவரிற் பன்னிருவரைத் தெரிந்து சில வாரம் பயிற்றலாம். பயிற்சியிற் பெரும்பகுதி கேளாதிருக்கவும், கேட்டதை வெளியிற் சொல்லாதிருக்கவும் பழகுவதாக அமைதல் வேண்டும். பின் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அயலிலுள்ள முதியோர் இல்லத்துக்கு உளவளத்துணையாளர் ஒருவரோடு செல்லலாம். மாணவர் கைகளைப் பிடித்துவிடுவதோடு நிற்பர். விரலழுத்தம் கற்றோர் வேலை. வேண்டிய பொருள்: கதிரை, பேசின், துவாய், வெந்நீர்க் கேத்தல். கல்லூரி விடுதியில் இவை யாவும் உள. கேத்தல் மாத்திரம் புதிதாக வாங்குதல் வேண்டும்.