விமானத்தின் வயதைப் பயணிக்குச் சொன்னால் என்ன?

கொல்கத்தா விமான நிலையத்தின் ஓரத்தில் ஒரு போயிங் 737-200 விமானம் 13 ஆண்டுகள் சும்மா நின்றிருக்கிறது. இந்தியன் ஏர்லைன்ஸில் பயணிகளை ஏற்றி, அலையன்ஸ் ஏரில் ஓடி, கடைசிக் காலத்தில் சரக்கு சுமந்து, 2012இல் ஓய்வு பெற்ற விமானம் அது. ஏர் இந்தியா அதை மறந்தே போய்விட்டது. சொத்துக் கணக்கிலிருந்தே விடுபட்டுப் போனதாம். நிலையத்தார் "உங்கள் விமானத்தை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று கேட்ட பிறகுதான் அது தங்களுடையது என்றே தெரிந்திருக்கிறது. 2025 நவம்பரில் லாரியில் ஏற்றி பெங்களூருக்குக் கொண்டு போனார்கள். அப்போது அதன் வயது 43.

செய்தியைப் படித்த நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் ஃபைல் கட்டியவன் நான். எங்கள் ஆபீஸில் ஒரு மர நாற்காலி குறைந்தாலும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஆடிட்காரர் சிவப்பு மையால் கேள்வி எழுதுவார். ஒரு முழு விமானமே பதிவேட்டிலிருந்து நழுவ முடியுமென்றால், பறந்துகொண்டிருக்கும் விமானங்களின் பதிவேடுகள் எப்படி இருக்கும் என்று கேட்பது தப்பா?

நம் காரைக்காலில் விமான நிலையம் கிடையாது. ஆனால் விமானம் ஏறாத குடும்பம் குறைவு. பாரிசில் பிள்ளை, துபாயில் மருமகன், சிங்கப்பூரில் பேத்தி என்று வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்களைச் சொல்லவே வேண்டாம். திருச்சிக்கோ சென்னைக்கோ போய் ஏறுகிறோம். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

முதலில் விமானம் எப்படிக் கிழடாகிறது என்று பார்ப்போம். மேலே 35,000 அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குதான். நாம் மூச்சு விடுவதற்காக உள்ளே காற்றை அடைக்கிறார்கள். அதனால் விமானத்தின் உடல் ஒரு மயிரிழை உப்புகிறது. கீழே இறங்கினால் பழையபடி சுருங்குகிறது. ஒரு பயணத்துக்கு ஒரு தடவை. தகர டப்பா மூடியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறதே, அதே கதைதான். எத்தனை வருஷம் ஆயிற்று என்பதைவிட எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பது முக்கியம். நாளைக்கு ஒரு தடவை நீண்ட தூரம் போகும் விமானத்தைவிட, நாளைக்கு எட்டுத் தடவை குட்டிக் குட்டிப் பயணம் போகும் விமானம் சீக்கிரம் களைத்துவிடும்.

களைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். உலோகத்தில் வரும் இந்த நோய்க்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் பிரெஞ்சிலிருந்து போனது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் 'ஃபத்தீக்' என்றால் வெறும் அலுப்பு. வயலில் வேலை செய்து வந்தவன் திண்ணையில் சாய்ந்து சொல்லும் சொல். அலுமினியத்துக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதை உலகம் காசு கொடுத்துத்தான் கற்றது. காமெட் என்ற முதல் ஜெட் பயணிகள் விமானம் 1954இல் அடுத்தடுத்து இரண்டு முறை நடுவானில் சிதறியது. அப்போதுதான் உலோகக் களைப்பு என்ற சொல் பத்திரிகைகளில் அடிபட்டது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் 737 ஒன்று பறக்கும்போதே அதன் கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பணிப்பெண் வானத்தில் வீசப்பட்டு இறந்தார். மற்றவர்கள் பிழைத்தது விமானியின் கெட்டிக்காரத்தனம். அந்த விமானத்துக்கு வயது 19தான். ஆனால் 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கு 75,000. தீவுக்குத் தீவு, கடல் காற்றிலேயே வாழ்ந்த விமானம். கருக்களாச்சேரிக்காரனுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. பத்து வருஷத்தில் சன்னல் கம்பி உதிர்வதையும், கூரைச் சிமெண்ட் பெயர்ந்து உள்கம்பி பல்லிளிப்பதையும் நாம் தினம் பார்க்கிறோம். ஏறும்போதே ஒரு பெண்மணி அந்த விமானத்தின் வெளித்தகட்டில் விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்களுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார். நாமும் அப்படித்தானே இருப்போம்?

நம் பக்கத்துக் கதையும் உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 1976 அக்டோபர் 12 நினைவிருக்கும். பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவல் விமானம், எஞ்சின் தீப்பற்றி, திரும்பி இறங்க முயன்றபோது விழுந்தது. 95 பேரும் இறந்தார்கள். 'பத்ரகாளி' பட நாயகி ராணி சந்திரா அதில் போனார். மீதிப் படத்தை வேறொரு பெண்ணை வைத்து எடுத்து முடித்தார்கள். கேரவல் பிரான்சின் பெருமை, அதன் எஞ்சின் இங்கிலாந்தின் ரோல்ஸ்ராய்ஸ். எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தட்டு களைப்பினால் விண்டு, எரிபொருள் குழாயை அறுத்துவிட்டது என்பது விசாரணையில் தெரிந்தது. நடிகையை ஊரே பேசியது. அந்தத் தட்டைப் பற்றி யார் பேசினார்கள்?

2025 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் 34 வயதான சரக்கு விமானம் ஒன்று ஓடுபாதையிலேயே எஞ்சினைத் தாங்குசட்டத்தோடு கழற்றி எறிந்துவிட்டு விழுந்தது. தாங்கும் பிடிப்பில் களைப்பு விரிசல்கள் இருந்ததை விசாரணைக்காரர்கள் கண்டார்கள். ஆகவே இது பழங்கதை அல்ல.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பழைய விமானம் என்றாலே விழும் என்று கத்துகிற கூட்டத்தில் நான் இல்லை. 2000 ஜூலையில் பாட்னாவில் அலையன்ஸ் ஏர் 737 குடியிருப்பின் மேல் விழுந்து 60 பேர் இறந்தபோது, கிழட்டு விமானத்தை ஓட்டிக் கொன்றுவிட்டார்கள் என்று நாடே கொதித்தது. விசாரணை முடிவு விமானிகளின் தவறு என்றது. 2018, 2019இல் விழுந்த இரண்டு 737 மேக்ஸ் விமானங்களும் புத்தம் புதியவை. 346 உயிர் போனது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 25 வயது விமானம் பத்திரமாகவே பறக்கும். எழுபது வயதில் தினமும் கடற்கரைவரை நடந்து போகிறவர்கள் நம்மில் இல்லையா?

என் சண்டை வயதோடு அல்ல, மறைப்போடு. பார்த்துக்கொண்டோம் என்று எழுதுவதும், உண்மையில் பார்த்துக்கொள்வதும் ஒன்றுதானா என்பதுதான் கேள்வி. 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானில் 747 விழுந்து 520 பேர் இறந்தார்கள். தனியொரு விமான விபத்தில் அத்தனை பேர் அதற்கு முன்பும் பின்பும் இறந்ததில்லை. காரணம் ஏழு வருஷம் முன்பு, வால் தரையில் உரசியபோது செய்த பழுதுபார்ப்பு. ஒரே தகடாக வைத்து இரண்டு வரிசை ஆணி தாங்க வேண்டிய இடத்தில், தகட்டை இரண்டாக வெட்டி வைத்ததால் ஒரே வரிசை தாங்கியது. படத்தில் சரி, வேலையில் தப்பு. 2002இல் தைவானிலிருந்து ஹாங்காங் போன 747 கடலுக்கு மேல் உடைந்து 225 பேர் போனார்கள். அதுவும் 1980இல் வால் உரசியதற்குப் போட்ட ஒட்டுத் தகடு. கீறல் விழுந்த பழைய தகட்டை எடுக்காமல் மேலே ஒட்டிவிட்டார்கள். உள்ளே பயணிகள் பிடித்த சிகரெட்டின் புகைக்கறை அந்த விரிசல் வழியாகக் கசிந்து வெளித்தகட்டில் பழுப்பாகப் படிந்திருந்ததாம். 22 வருஷம் அது அங்கேயே இருந்தது.

2018 அக்டோபர் 12 நள்ளிரவுக்குப் பின் திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் நிலையத்தின் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு ஏறியது நினைவிருக்கிறதா? அடிவயிற்றில் ஓட்டையோடு நாலு மணி நேரம் பறந்து மும்பையில் இறங்கியது. 136 பேரும் பிழைத்தார்கள். அதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் ஒரு விமானத்தின் உடலில் எப்போது அடிபட்டது, யார் ஒட்டுப் போட்டார்கள் என்பது அது ஓயும் நாள்வரை அதன் கூடவே வர வேண்டிய கணக்கு.

அமெரிக்கர்கள் அலோஹாவுக்குப் பிறகு 1991இல் ஒரு சட்டம் போட்டார்கள். 14 வயது தாண்டிய விமானத்தைப் பரிசோதிக்க வேண்டும். கவனியுங்கள், விமானத்தை மட்டுமல்ல, அதன் பராமரிப்புப் பதிவேடுகளையும் பரிசோதிக்க வேண்டும். இதை எழுதியவர் நிச்சயம் என்னைப் போல ஒரு குமாஸ்தாவின் பேச்சைக் கேட்டிருப்பார்!

நம் நாட்டில் சோதனையே இல்லை என்று சொல்லமாட்டேன். டி.ஜி.சி.ஏ. இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, பழைய விமானத்தை இறக்குமதி செய்ய வயது வரம்பு இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து ஏறுகிறவனுக்கு என்ன சொல்கிறார்கள்? நம்மூர்ப் பஸ்ஸின் பக்கவாட்டில் எஃப்.சி. முடியும் தேதி பெயிண்டில் எழுதியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகளை மீன்வளத் துறையார் வந்து பார்க்கிறார்கள். 15 வயது தாண்டிய அரசு ஜீப்புக்கு 2023இலிருந்து பதிவே புதுப்பிப்பதில்லை. இவ்வளவு ஏன், நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷாவருஷம் நவம்பரில் போய் நிரூபித்தால்தான் எனக்குப் பென்ஷன். பிரெஞ்சுப் பென்ஷன்காரருக்கும் 'செர்த்திஃபிகா தெ வீ' கேட்கிறார்கள். என் ஒருவனுடைய பென்ஷனுக்கு இத்தனை அத்தாட்சி கேட்கும் உலகம், 180 பேரை ஏற்றும் இயந்திரத்தின் வயதை டிக்கெட்டில் ஒரு வரி போடக் கூடாதா?

பீதி கிளம்பும் என்பார்கள். எந்த பீதி? விமானத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணைத் தட்டினால் அதன் பிறந்த தேதியைப் பேரப்பிள்ளையின் கைபேசி சொல்லிவிடுகிறது. தெரியாமல் இருப்பது என்னவோ நம்மைப் போன்ற கிழங்களுக்குத்தான். டிக்கெட் விலை ஏறும் என்பார்கள். ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

நான் கேட்பது மூன்றே மூன்று. விமானத்தின் வயதும், அது ஏறி இறங்கிய எண்ணிக்கையும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். கடைசியாகப் பெரிய சோதனை நடந்த மாதமும் வருஷமும் விமானத்தின் கதவருகே எழுதியிருக்க வேண்டும். பெரிய பழுதுபார்ப்புகளின் பதிவேட்டை வெளியாள் ஒருவர் ஆண்டுதோறும் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்கள் ஆபீஸ் நாற்காலிக்கு நடந்த சோதனைதான் இது, அதிகம் ஒன்றுமில்லை.

உங்களில் யாராவது அடுத்த மாதம் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புவதாக இருந்தால், பயப்படாமல் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் விமான நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: நான் வந்த விமானத்துக்கு வயது என்ன, எத்தனை தடவை ஏறி இறங்கியது? பத்துப் பேர் கேட்டால் குப்பைக்கூடைக்குப் போகும். பத்தாயிரம் பேர் கேட்டால் அதற்கு ஒரு ஃபைல் திறந்தே ஆக வேண்டும். திறந்த ஃபைலுக்கு என்றைக்காவது பதில் எழுதித்தான் தீர வேண்டும். அதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.