ரோல் கேஜ்: உயிரைக் காக்கும் ஜாயின்ட்டை யார் அறுத்துப் பார்ப்பது?

ஸ்பெயினின் வாலென்சியாவில் 2025 பிப்ரவரியில் நடந்த ரேஸில் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே கார் உருண்டது நினைவிருக்கும். அந்த வீடியோ வராத வாட்ஸ்அப் குரூப்பே இல்லை. கார் நொறுங்கியது, அவர் காயமில்லாமல் வெளியே வந்தார். 'தல தப்பிச்சிட்டாரு' என்று எல்லோரும் மூச்சு விட்டோம்.

ராலியில் இதைவிட பயங்கரமான காட்சி ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் மான்டே கார்லோ ராலியில் ஓட் டானாக்கின் ஹூண்டாய், மணிக்கு சுமார் 180 கி.மீ. வேகத்தில் சாலையை விட்டுப் பறந்து, மலைச்சரிவில் பலமுறை புரண்டு விழுந்தது. டானாக்கும் உடன் இருந்த நேவிகேட்டரும் எழுந்து நடந்தார்கள்.

இரண்டிலும் ஹெல்மெட்டுக்கும் பெல்ட்டுக்கும் சீட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் கூரை நசுங்கி தலைமேல் இறங்காமல் பார்த்துக்கொள்வது காருக்குள் இருக்கும் இரும்புக் குழாய்க் கூடுதான். அதுதான் ரோல் கேஜ்.

அதைப் பார்த்து ஆசைப்பட்டு நம்ம ஊர் ஜீப், தார் வண்டிகளிலும் பைப் வளைத்து மாட்டுகிறார்கள். போட்டோவில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வித்தியாசம் பைப்பில் கொஞ்சம், ஜாயின்ட்டில் நிறைய.

விதி என்ன கேட்கிறது?

சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ, கேஜுக்கு சீம்லெஸ் குழாய்தான் வேண்டும் என்கிறது. டிரைவருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்குக் குறைந்தபட்சம் 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன். குழாயைச் சூடாக்கி வளைக்கக் கூடாது. கேஜின் கால் ஊன்றும் இடத்தில் காரின் தகடு கிழியாமல் இருக்க, 3 மி.மீ. தடிமனில் குறைந்தது 120 சதுர செ.மீ. பிளேட் வைக்க வேண்டும்.

தனியாகச் சான்றிதழ் வாங்கும் கேஜ் என்றால், கார் எடையுடன் 150 கிலோவைக் கூட்டி, அதன் ஏழரை மடங்கு சுமையைப் பிரதான வளையம் தாங்க வேண்டும். 1,100 கிலோ கார் என்றால் 9,375 கிலோ. லோடு ஏற்றிய ஒரு லாரி கூரைமேல் உட்கார்ந்த மாதிரி.

அவ்வளவு சுமையும் ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்குப் போவது ஜாயின்ட் வழியாகத்தான். அதனால் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் குழாயின் முழுச் சுற்றளவுக்கும் வெல்டிங் ஓட வேண்டும், உலோகம் உள்வரை உருகிச் சேர வேண்டும் என்கிறது விதி.

கேட்க சாதாரணமாக இருக்கும். செய்வதுதான் கஷ்டம். கேஜ் கூரையை ஒட்டி நிற்கும். மேல்பக்கம் வெல்டிங் டார்ச் நுழையவே இடம் இருக்காது. ரேஸ் கார் கட்டுபவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேஜின் கால்கள் ஊன்றும் இடத்தில் தரையில் ஓட்டை போட்டு, கூட்டைக் கீழே இறக்கி, மேல்பக்கத்தை வெல்ட் செய்துவிட்டு, மறுபடி தூக்கி அடியில் பிளேட் வைத்து மூடுவார்கள். சிலர் கூரையையே அறுத்து எடுத்துவிடுவார்கள். அவசர வேலையில் என்ன நடக்கும்? கண்ணுக்குத் தெரியும் முக்கால் சுற்றை வெல்ட் செய்துவிட்டு, மேலே கறுப்பு பெயின்ட்.

அடுத்தது பொருத்தம். ஒரு குழாயின் முனையை இன்னொரு குழாயின் வளைவுக்கு ஏற்ப மீன் வாய் போல வெட்டி, இடைவெளி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். நேராக வெட்டி முட்டுக்கொடுத்து, சந்தை வெல்டிங் உலோகத்தால் நிரப்பினால் பார்க்க உருண்டு திரண்டு இருக்கும். பலம் இருக்காது.

மிக் வெல்டிங்கில் இன்னொரு ஏமாற்று உண்டு. கரன்ட் குறைவாக வைத்தால் மேலே வரிவரியாக அழகான தையல் விழும். அடியில் குழாயோடு ஒட்டியே இருக்காது. கரன்ட்டைக் கூட்டினால் மெல்லிய குழாய் ஓட்டையாகிவிடும். டிக் வெல்டிங்கில் உருகுவது கண்ணுக்குத் தெரியும், அதனால் கட்டுப்பாடு அதிகம். ஆனால் மெதுவான வேலை. வெல்ட் செய்த சூட்டோடு தண்ணீர் ஊற்றினாலோ, 'பினிஷிங்' என்று கிரைண்டரால் வழித்துவிட்டாலோ ஜாயின்ட் பலவீனமாகும். ஜி.ஐ. பைப் பற்றிப் பேசவே வேண்டாம். துத்தநாகப் பூச்சு எரிந்து வெல்டிங்குக்குள் குமிழி விடும், புகை வெல்டருக்குக் காய்ச்சலைக் கொடுக்கும்.

ஆலைக்கு உள்ளே, ஆலைக்கு வெளியே

நம்மூரில் நல்ல வெல்டர்கள் இல்லையா? தாராளமாக இருக்கிறார்கள். கல்வராயன் மலைக்கு வண்டியில் போகிறவர்கள் கடந்து போகக்கூடிய மூங்கில்துறைப்பட்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலை என்றால் பாய்லர் உண்டு. பாய்லர் என்றால் உயர் அழுத்தக் குழாய்கள் உண்டு. அந்தக் குழாயில் கைவைக்க, 1950-ம் ஆண்டின் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகளின்படி தேர்வு எழுதித் தேறிய வெல்டர் வேண்டும். எழுதுவது பேனாவால் அல்ல, டார்ச்சால்: மாதிரி ஜாயின்ட் வெல்ட் செய்து காட்ட வேண்டும், அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். திருச்சி பெல் நிறுவனம் பாய்லர் குழாய் வெல்டிங்குக்கே பெயர் பெற்றது. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது.

அதே மாதிரி ஊர்களில் ரோட்டோரப் பட்டறைகள் கரும்பு டிரெய்லருக்குத் தடித்த ஆங்கிளையும் சேனலையும் ராடு வெல்டிங்கில் பற்றவைக்கின்றன. அந்த வேலையில் அவர்கள் கில்லாடிகள்தான். இரண்டரை மி.மீ. குழாய் வேறு வேலை. ஆலைக்குள் நீராவி போகும் குழாய்க்குச் சான்றிதழ் கேட்கிறோம்; மலைச்சாலையில் நம் தலைக்கு மேல் நிற்கும் குழாய்க்கு 'எவ்ளோ ஆகும் அண்ணே' என்று மட்டும் கேட்கிறோம்.

இன்ஜினீயரிங் படித்தவர்களில் சிலருக்கு பாஹா எஸ்ஏஇ போட்டி தெரிந்திருக்கும். மாணவர்களே வண்டி கட்டி ஓட்டும் போட்டி. இந்தியாவில் 2007-ல் பீதம்பூரில் தொடங்கியது. அந்தப் போட்டியின் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. கேஜை வெல்ட் செய்யும் அதே குழாயில் இரண்டு மாதிரி ஜாயின்ட் செய்ய வேண்டும். ஒன்றை உடைக்க வேண்டும். உடையும்போது வெல்டிங் விடக் கூடாது, குழாய்தான் கிழிய வேண்டும். இன்னொன்றை நீளவாக்கில் அறுத்து, உலோகம் உள்ளே எவ்வளவு தூரம் உருகிச் சேர்ந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். ஒரு முழம் குழாய், ஒரு மணி நேர வேலை. கல்லூரிப் பசங்க செய்வதை, லட்சக்கணக்கில் செலவழித்து வண்டியை மாற்றுகிறவர் பட்டறையில் கேட்கலாம். முடியாது என்று சொல்லும் பட்டறைக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேஜ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2023 ஜனவரி 8-ம் தேதி, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடந்த தேசிய கார் பந்தயத்தில், மூத்த வீரர் கே.இ.குமாரின் கார் இன்னொரு காருடன் மோதி, வேலியை உடைத்துக்கொண்டு கூரை தரையில் படும்படி கவிழ்ந்தது. 59 வயதான அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அத்தனை ஏற்பாடுகள் உள்ள டிராக்கில் நடந்தது அது.

சாலையில் ஓடும் வண்டியில் கேஜ் வைப்பது வேறு கதை. ரேஸில் டிரைவர் ஹெல்மெட்டும் பல முனை பெல்ட்டும் போட்டிருப்பார். தலை படக்கூடிய குழாய்களுக்குத் தனித் தரத்தில் பேடிங் உண்டு. நீங்கள் வெறும் தலையோடு, சாதாரண பெல்ட்டோடு போகிறீர்கள். சின்ன மோதலில்கூட மண்டை போய் இடிப்பது அந்த இரும்பில்தான். பின்சீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் மோசம். போதாக்குறைக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அனுமதி இல்லாமல் வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் அந்தக் குழாயைத்தான்.